கனம் பார்த்து வாங்கிய பெட்டி

கண்டிச் சந்தையில் சின்னமுத்துவிடம் மரக்கறி வாங்கியவர்கள் அவரைப் பற்றி இரண்டு விஷயம் சொல்வார்கள். அவருடைய தராசு பொய் சொல்லாது. அவருடைய லீக்ஸ் கட்டில், அந்தப் பெரிய வெங்காயத்தாளில், எந்நேரமும் தண்ணீர் சொட்டும்.

இதை யாராவது முகத்துக்கு நேரே கேட்டால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சின்ன வயதில் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், அம்மா பறித்து வந்த கொழுந்தை நிறுக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். ஈரக் கொழுந்துக்கென்று அங்கே எடையில் கழிப்பார்கள். வெயில் கொளுத்தும் நாளிலும் கழிப்பார்கள். "அன்னைக்கு எங்கம்மா கூடையிலேருந்து கழிச்ச தண்ணியத்தாங்க இன்னைக்கு லீக்ஸுல திருப்பி ஊத்துறேன். கணக்கு முடிஞ்சதும் நிப்பாட்டிடுவேன்" என்பார். கணக்கு இன்னும் முடியவில்லை.

கையில் தூக்கிப் பார்த்தே பூசணிக்காயின் எடையைச் சொல்லிவிடுவார். அதற்கு மேலும் சந்தேகமிருந்தால் மடியில் செருகியிருக்கும் கொக்கித் தராசை எடுப்பார். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் கடைக்குத் தீ வைத்தபோது அவர் எடுத்துக்கொண்டு ஓடியது இந்தத் தராசை மட்டும்தான். கல்லாப்பெட்டி அங்கேயே இருந்து எரிந்தது. "எங்கப்பா காச விட்டுட்டு எடையத் தூக்கிட்டு ஓடுனவரு" என்று மகள் தவமணி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

தவமணி தட்டெழுத்துப் படித்தவள். கொம்பியூட்டரும் படித்து முடித்திருந்தாள். கட்டுகஸ்தோட்டையில், அவர்கள் குடியிருந்த வீட்டின் முன்னறையில் தமிழ் தட்டச்சுக் கடை ஒன்று போட வேண்டும் என்பது அவளுடைய திட்டம். கல்யாண அட்டை, விண்ணப்பம், பரீட்சைத்தாள் எல்லாம் அடித்துக் கொடுக்கலாம். அதற்கு ஒரு கொம்பியூட்டர் வேண்டும். கண்டிக்குப் போகும் பாலத்துக்கு அந்தப் பக்கம் ரேடியோ, டீவி திருத்துகிறவரும் தவமணி அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிறவருமான றிஸ்வி, சாமான்களைத் தனித்தனியாக வாங்கிப் பூட்டித் தருவதாக ஒத்துக்கொண்டார். எல்லாம் வந்துவிட்டது. மிச்சம் இருந்தது, கொம்பியூட்டருக்கு அளவாகக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை மட்டும்.

"கொம்பியூட்டர்ப் பெட்டியோட சும்மா வாற பவர் சப்ளைய நம்பாதீங்க அண்ணன்" என்றார் றிஸ்வி. "அது போனா தனியாப் போகாது. மத்த எல்லாத்தையும் எரிச்சிட்டுத்தான் போகும். நல்லதாப் பாத்து வேறயா எடுக்கோணும்."

"நல்லதுன்னு எப்படிங்க தம்பி கண்டுபிடிக்கிறது?"

"வெளிய ஒட்டியிருக்கிற நம்பர நம்பவே வேணாம். கையில தூக்கிப் பாருங்க. கனமா ஈக்கோணும். உள்ளுக்கு நல்ல செம்பும் அலுமினியமும் போட்டிருந்தா கனக்கும். காத்து மாதிரி ஈந்தா வச்சிட்டு வந்துருங்க."

சின்னமுத்துவின் முகம் மலர்ந்துவிட்டது. கொம்பியூட்டர் விஷயத்திலும் கடைசியில் எடைதான் பேசும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது போல மகளைப் பார்த்தார்.

தவமணிக்கு வேறு கவலை. புத்த கோயிலான தலதா மாளிகையில் குண்டு வெடித்த பிறகு கண்டியைச் சுற்றி எங்கும் சோதனைதான். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி நடக்க வைப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் டோர்ச் பெட்டறி கொஞ்சம் கூடுதலாகக் கொண்டு வந்ததற்காக, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று கூட்டிப்போனார்கள். அவர் திரும்பி வந்தபோது அவருடைய தாடி நெஞ்சைத் தொட்டது.

"அது இரும்புப் பெட்டிப்பா. பத்து நெறத்துல வயர் வெளிய தொங்கும். அதத் தூக்கிக்கிட்டு நீங்க பாலத்தத் தாண்டப் போறீங்களா? றிஸ்வி நானா கொண்டாரட்டும். அவருகிட்ட கடை ரெஜிஸ்டர் இருக்கு."

"அவரு கை வேற, எங் கை வேற. எடையில என்னைய ஏமாத்துனவன் இந்தக் கண்டியில பொறக்கல" என்று சொல்லிவிட்டு சின்னமுத்து கிளம்பினார்.

கண்டி டவுனில் வரதராசாவின் கொம்பியூட்டர் கடை மாடியில் இருந்தது. வரதராசா யாழ்ப்பாணத்தவர், சுத்தமான வெள்ளைச் சேர்ட் போட்டவர், பேச்சில் கெட்டிக்காரர். மூன்று பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது இருநூற்றைம்பது வாட்ஸ். இது முந்நூறு. இது நானூறு, ஜேர்மன் தொழில்நுட்பம்."

"நம்பரு வேணாங்க. எடையப் பார்ப்போம்" என்று சின்னமுத்து கொக்கித் தராசை எடுத்து, முதல் பெட்டியின் வயர்க் கொத்தில் கொக்கியை மாட்டினார்.

"ஐயோ, வயரில பிடிச்சுத் தூக்காதேங்கோ! இது என்ன, முருங்கைக்காயோ?"

பிறகு பைக்குள் போட்டு நிறுத்தார். முதலாவது காற்று. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது கொக்கியைக் கீழே இழுத்தது. சின்னமுத்து அதைக் கையில் வாங்கி, கண்ணை மூடி, மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். நல்ல உருளைக்கிழங்கு மூட்டையைத் தொட்டவரின் திருப்தி முகத்தில் வந்தது.

"இதத்தான் எடுக்கிறேன்."

"ஓம். உங்களுக்குத் தெரியுது. கன பேருக்குத் தெரியாது" என்றார் வரதராசா. பெட்டியின் மூடி சேரும் இடத்தில் கடைப் பெயரும் டெலிபோன் இலக்கமும் உள்ள ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதை விரலால் தட்டிக் காட்டினார். "ஒரு வருச வொரண்டி. ஆனா இந்த ஸ்டிக்கர் கிழிஞ்சால் நான் பொறுப்பில்லை. ஒருத்தரும் திறக்கக் கூடாது."

பாலத்தடியில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கி வரிசையில் நடந்தார்கள். சின்னமுத்துவின் முறை வந்தபோது பையைத் திறந்து பார்த்த இளம் சிப்பாய் பின்னால் திரும்பி சார்ஜனைக் கூப்பிட்டான்.

"என்ன இது?" சார்ஜன் சிங்களத்தில் கேட்டார்.

சந்தையில் இருபது வருடம் நின்றவருக்குச் சிங்களம் ஒரு பிரச்சினையே இல்லை. "கொம்பியூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டி மாத்தயா. மகளுக்கு."

"திற."

"வேணாம் மாத்தயா! இந்த ஸ்டிக்கர் கிழிஞ்சா மாத்தித் தர மாட்டாங்க!"

அவருக்கு அந்த நேரத்தில் இருந்த பயம் அது ஒன்றுதான். ஆனால் திறக்க வேண்டாம் என்று ஒருவர் கெஞ்சுவது சோதனைச் சாவடியில் எப்படிக் கேட்கும் என்று அவர் யோசிக்கவில்லை. சார்ஜன் குனிந்து, பெட்டியின் காற்றாடிக் கம்பி வலைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே, வயர்களுக்கு நடுவில், பொலித்தீனில் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டிய சாம்பல் நிறக் கட்டி ஒன்று தெரிந்தது.

சார்ஜன் மெதுவாக நிமிர்ந்தார்.

"உள்ளே இருக்கிற கட்டி என்ன?"

சின்னமுத்துவும் எட்டிப் பார்த்தார். கட்டி நன்றாகப் பெரியதாக இருந்ததில் அவருக்கு ஒரு பெருமை வந்தது.

"அதுதான் மாத்தயா பவரு. மலிவானதுல அது இருக்காது."

அடுத்த நிமிடம் பாலத்தடி காலியானது. பஸ் பின்னால் போனது. பயணிகளை மணல் மூட்டைகளுக்கு அப்பால் விரட்டினார்கள். பெட்டி மட்டும் மேசையில் தனியாக இருந்தது. சின்னமுத்துவைத் தரையில் குந்த வைத்து இரண்டு துவக்குகளை அவர் பக்கம் திருப்பினார்கள். அடையாள அட்டையை ஒருவன் எடுத்தான், தராசை இன்னொருவன் எடுத்தான். அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரரின் தாடி அவருக்கு ஞாபகம் வந்தது.

ஸ்டிக்கரில் இருந்த இலக்கத்துக்கு டெலிபோன் போனது. கொஞ்ச நேரத்தில் இரண்டு பொலிஸ்காரர்களுக்கு நடுவில், ஒரு த்ரீவீலரில், வரதராசா வந்து இறங்கினார். வெள்ளைச் சேர்ட் நனைந்திருந்தது.

"இந்த ஸ்டிக்கர் உன் கடையினுடையதா?"

வரதராசா ஸ்டிக்கரைப் பார்த்தார். சின்னமுத்துவைப் பார்த்தார். துவக்குகளைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் கடையின் பெயர் தப்பும். ஆனால் பெயர் ஸ்டிக்கரில் பெரிதாக இருந்தது. அவருடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அதைவிடப் பெரிதாக இருந்தது.

"ஓம் சேர்."

"உள்ளே என்ன?"

"அது... ஒரு தொழில்நுட்பப் பகுதி சேர். கரண்ட் ஏறி இறங்காமல் பிடிச்சு வைக்கிறது."

"நல்லது. நீயே திறந்து காட்டு. நாங்கள் மூட்டைக்குப் பின்னால் நிற்கிறோம்."

"ஸ்குறூட்றைவர் கொண்டு வரேல்ல சேர்."

"என்கிட்ட ஈக்கி!" என்று கூட்டத்துக்குள் இருந்து ஒரு குரல் கேட்டது. சத்தம் கேட்டுக் கடையிலிருந்து வந்திருந்த றிஸ்வி, சட்டைப் பையில் இருந்த ஸ்குறூட்றைவரை நீட்டினார். சிப்பாய் ஒருவன் வாங்கி வரதராசாவிடம் கொடுத்தான்.

வரதராசா ஒருவரையும் பார்க்காமல் ஸ்டிக்கரைக் கிழித்தார். நாலு ஆணியையும் கழற்றினார். கட்டியைப் பிடுங்கி எடுத்து உயர்த்திக் காட்டினார்.

"அது என்ன?"

"சீமெந்து."

"சத்தமாகச் சொல்."

"சீமெந்து சேர்! சும்மா சீமெந்து!"

"கரண்ட் பெட்டிக்குள் சீமெந்து எதற்கு?"

வரதராசா றிஸ்வி நின்ற பக்கம் கையை நீட்டினார். "எல்லாம் இந்த ஆளால வந்தது சேர். ஊரில இருக்கிற எல்லாரிட்டையும் கனம் பாத்து வாங்கச் சொல்லி அனுப்புறார். வாறவன் எல்லாம் தூக்கிப் பாக்கிறான். லேசானதை ஒருத்தனும் வாங்கிறான் இல்லை. நான் என்ன செய்யிறது? கொஞ்சம் கனம் சேர்த்தனான்."

முதலில் சிரித்தது மணல் மூட்டைக்குப் பின்னால் நின்ற மீன்காரி. பிறகு வரிசை முழுவதும் சிரித்தது. துவக்குகள் கீழே இறங்கின. சார்ஜன் மட்டும் சிரிக்கவில்லை. வரதராசாவின் அருகில் போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சித்திரை வருசப் பிறப்புக்கு என் மகளுக்கு உன் கடையில்தான் கொம்பியூட்டர் வாங்கினேன். அதிலும் இருக்கிறதா?"

வரதராசா கையிலிருந்த கட்டியைப் பார்த்தார்.

"கொஞ்சம்தான் சேர்."

சின்னமுத்துவை எழுந்து போகச் சொன்னார்கள். அவர் எழுந்தார், போகவில்லை. நேரே மேசைக்குப் போய், "மாத்தயா, தராசு" என்றார். சிப்பாய் கொடுத்தான். சீமெந்துக் கட்டியைப் பையில் போட்டுக் கொக்கியில் மாட்டி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"முக்கால் கிலோ" என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார். பிறகு மிச்சமிருந்த பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். அது அவர் கடையில் காற்று என்று ஒதுக்கிய முதல் பெட்டியைவிட லேசாக இருந்தது. "ஜேர்மன்காரன் இவ்வளவுதாங்க அனுப்பியிருக்கான்."

"வேற தாறன். கடைக்கு வாங்கோ" என்றார் வரதராசா.

"ஸ்டிக்கர் கிழிஞ்சிருச்சேங்க. பொறுப்பில்லைன்னு சொன்னீங்களே?" சின்னமுத்து சார்ஜன் பக்கம் திரும்பினார். "மாத்தயாதான் சாட்சி. கிழிச்சது நான் இல்ல."

"மாற்றிக் கொடு" என்றார் சார்ஜன். "எனக்கும் சேர்த்து."

புதிய பவர் சப்ளையை வரதராசா மூடியில்லாமல் மேசையில் வைத்து, உள்ளே என்னென்ன என்று விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் சின்னமுத்து தராசில் மாட்டினார். பாலத்துக்கு இந்தப் பக்கம் கொண்டு வந்தது றிஸ்வி. கடை திறந்து தவமணி முதன்முதலில் அடித்துப் பார்த்த வரி, 'எடையில் எங்கப்பாவை ஏமாற்றியவர் கண்டியில் பிறக்கவில்லை, யாழ்ப்பாணத்தில் பிறந்தார்' என்பதுதான். அச்செடுத்து அப்பாவின் சட்டைப் பையில் வைத்தாள்.

சீமெந்துக் கட்டியைச் சின்னமுத்து வீசவில்லை. சந்தையில் லீக்ஸ் மூடிய சாக்கு பறக்காமல் இருக்க அதை மேலே வைத்திருக்கிறார். கதை தெரியாதவர்கள் யாரும் சந்தையில் மிச்சமில்லை. அம்பிட்டியவிலிருந்து வரும் இராசமணி ரீச்சர் ஒரு நாள் லீக்ஸ் கட்டு ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். தண்ணீர் அவருடைய செருப்பில் சொட்டியது.

"சின்னமுத்து, உங்களுக்குச் சீமெந்து வித்தவரை ஏசுறீங்கள். இது என்ன?"

"அது வேறங்க ரீச்சர். சீமெந்து மூடிக்குள்ள இருந்துச்சு. என் தண்ணி கண்ணுக்கு முன்னால சொட்டுதுல்ல? வேணான்னு சொன்னா உதறிக் குடுத்துட்டுப் போறேன்."

"அப்ப உதறுங்கோ."

சின்னமுத்து ஒரு கணம் சீமெந்துக் கட்டியைப் பார்த்தார். பிறகு லீக்ஸை எடுத்து நன்றாக உதறித் தட்டில் வைத்தார். எடைக்குப் போதாமல் தட்டு மேலே எழும்பியது. இன்னொரு லீக்ஸை எடுத்துப் போட்டார்.

அடுத்து நின்றவள், அவளுக்குப் பின்னால் நின்றவர், எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அன்றிலிருந்து கண்டிச் சந்தையில் லீக்ஸ் வாங்குகிறவர்கள் விலை கேட்பதற்கு முன் ஒன்று சொல்கிறார்கள்:

"சீமெந்த எடுத்துட்டு நிறுங்க."