இருபதாயிரம் பவுண்டு வாஷிங் மெஷின்

தமன்ஹூரில் மின்சார ஆபீஸ் வாசலில் இருபது வருஷமாகக் காய் குடைந்து விற்கிறவள் இன்ஷிராஹ். ஆபீஸ் பெண்களுக்கு வீட்டுக்குப் போய்க் கத்தரிக்காயும் குடைமிளகாயும் குடைந்து அரிசி அடைக்க நேரம் ஏது? இவள் குடைந்து, கழுவி, பையில் போட்டுக் கொடுப்பாள். காய் கிழியாது. கிழிந்தால் அதற்குப் பதிலாக இரண்டு வைப்பாள். காயில் தாராளம், பேச்சில் கிடையாது. பேச்சில் அவள் யாருக்கும் ஒரு சொல் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. நான் அதே கட்டடத்தில் கீழ்வீடு. அவள் சண்டை எல்லாம் என் ஜன்னல் வழியாகத்தான் போகும்.

அவள் புருஷன் லிபியாவுக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம். முதலில் பணம் வந்தது, பிறகு போன் வந்தது, பிறகு அங்கே அவனுக்கு வேறு குடும்பம் இருக்கிறது என்ற செய்தி வந்தது. என் புருஷன் செத்தான், நான் விதவை. அவளுக்கு அந்தக் கௌரவம்கூட இல்லை. லிபியாவுக்குப் போகும்போது அவன், அவள் கொண்டுவந்த கட்டிலையும் பித்தளைப் பாத்திரங்களையும் விற்றுத்தான் டிக்கெட் வாங்கினான். கேட்க முடியவில்லை. அத்தை மகன்தானே என்று அவள் வீட்டார் பட்டியல் எழுதாமல் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

பட்டியல் என்றால், கல்யாணத்துக்கு முன்னால் சீர்ச் சாமான் எல்லாவற்றையும் விலையோடு எழுதி, இதெல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தது, கேட்டால் சாமானாகவோ பணமாகவோ திருப்பித் தருவேன் என்று மாப்பிள்ளை கையெழுத்துப் போடுவது. நாளைக்கு அவன் தள்ளி வைக்க நினைத்தால் அந்தக் காகிதம்தான் குறுக்கே நிற்கும். அதனால் பெண் வீட்டார் ஆறு ஸ்பூனுக்குக்கூடத் தங்க விலை போடுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள். விலை பொய் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இன்ஷிராஹ் மகள் ஹதீர் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளை ராமி, ஏசி மெக்கானிக், சாது. அவன் சாதுவாக இருப்பதற்குக் காரணம் அவன் அம்மா கவுஸர். நூல் கடை வைத்திருப்பவள். ஹஜ் செய்து ஹாஜ்ஜா ஆகி வந்த பிறகு கடையில் எல்லாவற்றுக்கும் விலையை ஏற்றியவள். அவள் ஒன்று கேட்டிருந்தாள்: வாஷிங் மெஷின் முழு ஆட்டோமேட்டிக்காக இருக்க வேண்டும், கையால் துணியை ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்கு மாற்றுகிற சமாசாரம் தன் மகன் வீட்டில் நுழையக் கூடாது என்று. இன்ஷிராஹ் கையில் இருந்த பணத்துக்கு அந்தச் சமாசாரம்தான் வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஹதீர் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். ஆன்லைன் கடை ஒன்றில் எட்டு கிலோ ஆட்டோமேட்டிக் மெஷின், ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தொன்பது பவுண்டு. மேலே சிவப்பில், "நம்ப முடியாத விலை, இன்று மட்டும்" என்று எழுதியிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. அவள்தான் மூன்று முறை படித்துக் காட்டினாள். அந்த மெஷின் ஊரில் பதினெட்டாயிரத்துக்கு மேல் விற்கிறது. இன்ஷிராஹ் அதை நம்பினாளா என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டார்கள். நம்பவில்லை. நானும் நம்பவில்லை. யாரோ விலையில் ஒரு இலக்கத்தைத் தின்றுவிட்டான் என்று நான் சொன்னேன். அவன் தின்றதை அவனே சொல்லட்டும், நாம் ஏன் சொல்ல வேண்டும் என்று அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஆன்லைன் பணம் கட்டுகிற மூலைக் கடைக்குப் போய்ப் பணத்தைக் கட்டிவிட்டாள். உடனே போனில் செய்தி வந்தது: பணம் கிடைத்தது, ஆர்டர் உறுதி, ஒரு வாரத்தில் மெஷின் வரும், வாழ்த்துகள்.

வெள்ளிக்கிழமை பட்டியல் படித்தார்கள். ஹதீரின் மாமா எழுதி வைத்ததை உரக்கப் படிக்க, ஒவ்வொரு விலைக்கும் கவுஸர் ஒரு பெருமூச்சு விட்டாள். "எட்டு கிலோ ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின், இருபதாயிரம்" என்று வந்தபோது பெருமூச்சு விடவில்லை. கேட்டது கிடைத்துவிட்டதே. ராமி கையெழுத்துப் போட்டான். சர்பத் குடித்தோம்.

திங்கட்கிழமை கடையிலிருந்து இன்னொரு செய்தி. விலையில் பிழை நேர்ந்துவிட்டது, ஆர்டர் ரத்து, பணம் பதினான்கு நாளில் திரும்பும், மன்னிப்புக்கு அடையாளமாக நூறு பவுண்டுத் தள்ளுபடிச் சீட்டு. கல்யாணத்துக்கு மிச்சம் இருந்தது பதினெட்டு நாள்.

நான் சொன்னேன், போனது போகட்டும், அந்த இரண்டு தொட்டி மெஷினையே வாங்கு என்று. பட்டியலில் ஆட்டோமேட்டிக் என்று எழுதிக் கையெழுத்தாகிவிட்டதே, இப்போது வேறு மெஷின் போனால் அந்த வரியை அடிக்கச் சொல்வார்கள், ஒரு வரியை அடித்தால் அடுத்த வரியையும் கேட்பார்கள் என்றாள். அவள் சொன்னது சரிதான். மறுநாளே நுகர்வோர் ஆபீஸில் போய்ப் புகார் கொடுத்தாள். மின்சார ஆபீஸ் பெண் ஒருத்தி எழுதிக் கொடுத்தாள், கூலி ஒரு கிலோ குடைந்த கத்தரிக்காய்.

ஐந்து நாள் கழித்து இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டார்கள். நான் துணைக்குப் போனேன். கூப்பிடாமலே கவுஸரும் வந்தாள். ஹதீர் ராமியிடம் உளறி, ராமி அம்மாவிடம் உளறியிருந்தான். சம்பந்திக்கு ஆதரவாக வந்ததாகச் சொன்னாள். மெஷின் வருமா என்று பார்க்கத்தான் வந்தாள்.

அதிகாரி பெயர் ஹில்மி, வயசானவர், மேசையில் பாதி தின்ற பயறு வடை. கடைக்காக ஒரு வக்கீல் பையன் வந்திருந்தான். கழுத்துப் பட்டை இறுக்கத்தில் மூச்சு விடச் சிரமப்பட்டான். அதிகாரி நிதானமாக விளக்கினார். கடை விலை போட்டிருக்கிறது, பணம் வாங்கியிருக்கிறது, உறுதி என்று எழுதியும் அனுப்பியிருக்கிறது. தன் பிழையை வாங்கியவர் தலையில் கட்டுவது அவ்வளவு லேசில்லை. ஆனால் வாங்கும்போதே அது பிழை என்று வாங்கியவருக்குத் தெரிந்திருந்தால் கதை வேறு.

வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டான். அந்த விலைக்கு ஒரு மிக்ஸிகூட வராது, யார் நம்புவார்கள் என்று கேட்டான்.

"தம்பி, நம்ப முடியாத விலைன்னு நீங்கதானே சிவப்புல எழுதிப் போட்டீங்க. நம்பினா தப்பு, நம்பலைன்னாலும் தப்பா? நான் காய் குடையறவ. மெஷின் விலை எனக்கு என்ன தெரியும்?" என்றாள் இன்ஷிராஹ்.

அதிகாரி சிரிப்பை வடையால் அடைத்துக்கொண்டார். வக்கீல் பையன் காகிதத்தைப் புரட்டினான். அதோடு நிறுத்தியிருந்தால் மெஷின் வீட்டுக்கு வந்திருக்கும். ஆனால் இன்ஷிராஹுக்கு ஜெயிக்கிற நேரத்தில் சும்மா இருக்கத் தெரியாது. கல்யாண அவசரத்தைக் காட்டுகிறேன் பேர்வழி என்று பையைத் திறந்து பட்டியலை எடுத்து மேசையில் விரித்தாள். பாருங்க சார், தேதி போட்டிருக்கு, மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டிருக்கார், மெஷின் இல்லாம எப்படி என் பொண்ணை அனுப்புவேன் என்றாள். நான் மேசைக்கு அடியில் அவள் தொடையைக் கிள்ளினேன். தாமதமாகிவிட்டது.

வக்கீல் பையன் விரலை வைத்து வரிவரியாக இறங்கி ஓரிடத்தில் நின்றான்.

"மெஷின் விலை தெரியாதுன்னு சொன்னீங்கம்மா. இங்க இருபதாயிரம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அதுவும் ஆர்டர் போட்டு மூணே நாள்ல."

எனக்கு அவனை அறையலாம் போலவும் இருந்தது, அவன் அம்மாவைப் பாராட்டலாம் போலவும் இருந்தது.

இன்ஷிராஹ் சளைக்கவில்லை. பட்டியல் விலையும் ஒரு விலையா, அதே காகிதத்தில் ஆறு ஸ்பூன் மூவாயிரம் என்று இருக்கிறதே, அதையும் நம்புவீங்களா என்று கேட்டாள். நீ பட்டியல் எழுதினதில்லையா என்று வக்கீலைக் கேட்டாள். போன வருஷம்தான் கையெழுத்துப் போட்டானாம். அவனுக்குக் காது சிவந்தது. பொண்ணு வீட்ல எழுதுனா மெத்தைக்குக்கூட வீடு விலைதான் என்றான். அதிகாரியும் இரண்டு மகளைக் கட்டிக் கொடுத்தவர். பட்டியலில் எழுதுவது மதிப்புக்காக, விலைக்காக இல்லை என்று ஊருக்கே தெரியும், அந்த இருபதாயிரத்தை வைத்து இவளுக்கு விலை தெரியும் என்று சொல்ல முடியாது என்று தலையாட்டினார்.

பேனாவை எடுத்து, அப்படியென்றால் வாக்குமூலமாக எழுதிவிடுகிறேன் என்றார். பட்டியலில் உள்ள விலைகள் உண்மை விலைகள் இல்லை, மதிப்புக்காகக் கூட்டி எழுதியவை. இப்படி எழுதி அவள் கைநாட்டு வைத்தால் போதும், மெஷின் பக்கம் காற்று வீசும்.

அப்போதுதான் மூலையில் இருந்து கவுஸர் குரல் வந்தது. அதுவரை தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தவள்.

"எழுதுங்க சார். நல்லா எழுதுங்க. எனக்கும் ஒரு நகல் வேணும்."

இன்ஷிராஹ் என்னைப் பார்த்தாள். எழுதினால் மெஷின் வரும். ஆனால் பட்டியல் முழுக்கப் பொய் என்று அவளே அரசாங்கத்துக்கு முன்னால் கைநாட்டு வைத்த காகிதம் கவுஸரின் கைப்பைக்குள் போய்விடும். நாளைக்கு ராமி எங்காவது டிக்கெட் வாங்கினால், இவள் மகள் அந்தப் பட்டியலை வைத்துக் காது குடையலாம்.

அதிகாரி மை டப்பாவைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். அவள் கட்டை விரலை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"எழுதாதீங்க சார். மெஷின் இருபதாயிரம். ஸ்பூன் மூவாயிரம். ஒவ்வொரு விலையும் சத்தியம்."

வக்கீல் பையன் வாய் பிளந்தான். அப்படியென்றால் விலை தெரிந்துதான் வாங்கினீர்கள் என்று ஆகிவிடும், புகார் நிற்காது என்றார் அதிகாரி. நிற்காவிட்டால் உட்காரட்டும் என்றாள் அவள்.

கவுஸர் முகத்தில் அப்போது ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள். மெஷினும் இல்லை, சம்பந்தியும் தோற்றாள். ஆட்டோமேட்டிக் வாங்க வக்கில்லாதவர்கள் ஏன் எழுத வேண்டும், அந்த வரியை அடித்துவிடலாம் என்று எழுந்தாள். அதிகாரி பட்டியலைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் கடைசி வரிகளை ஒரு தரம் வாசித்தார்.

"ஹாஜ்ஜா, கொஞ்சம் உக்காருங்க. உங்க பையன் என்ன கையெழுத்துப் போட்டிருக்கார்னு தெரியுமா? இந்த மெஷின் தன்கிட்ட வந்து சேர்ந்துடுச்சுன்னு. வராத மெஷினுக்கு இருபதாயிரம் அவர் தலையில."

"வரலைன்னுதான் எல்லாருக்கும் தெரியுமே."

"விலை பொய்னும் எல்லாருக்கும் தெரியும். அதை இந்தம்மா சொல்ல மாட்டேங்கறாங்களே."

கவுஸர் உட்கார்ந்தாள். வரியை அடிக்கலாம் சம்பந்தி என்று இப்போது தேன் மாதிரிக் கேட்டாள். ஒரு புள்ளியைக்கூட அடிக்க மாட்டேன் என்றாள் இன்ஷிராஹ். பட்டியலை மடித்துச் சட்டைக்குள் மார்போடு வைத்துக்கொண்டாள். இனி அதை எடுக்க அவள் மகளுக்குக்கூடத் தைரியம் வராது.

பிறகு நடந்ததெல்லாம் மாடிப்படியில்தான். வெளியே வந்ததும் வக்கீல் பையனைப் பிடித்துக்கொண்டது இன்ஷிராஹ் இல்லை, கவுஸர். புகாரை இன்ஷிராஹ் இன்னும் வாபஸ் வாங்கவில்லை, கடை பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஏழைப் பெண்ணின் கல்யாணத்தோடு விளையாடியது உண்மைதானே, இதை நூல் கடைக்கு வருகிற ஒவ்வொருத்தியிடமும் சொன்னால் என்ன ஆகும் என்று ஆரம்பித்தாள். நாற்பது வருஷம் நூல் விற்றவள், எங்கே இழுத்தால் எது அவிழும் என்று தெரியும். அவன் பதினாறாயிரம் என்றான். இன்ஷிராஹ் இரண்டாயிரம் என்றாள். அவன் முதலாளிக்கு மூன்று முறை போன் செய்தான். மூன்றாம் முறை போனைக் கவுஸர் வாங்கிப் பேசினாள். முதலாளியின் அம்மா இருக்கிறாளா, நலமா என்பதில் தொடங்கி எங்கெங்கோ போனாள். கடைசியில் பதினோராயிரம், அடுத்த வியாழனுக்குள் வீட்டில் இறக்க வேண்டும், ஏற்றி வருகிற கூலி கடையுடையது.

ஏற்கெனவே கட்டிய ஆயிரத்து எண்ணூறு சொச்சம் போக மிச்சம் யார் தருவது என்று படியில் நின்று இருவரும் இன்னொரு அரைமணி நேரம் பேசினார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன், என் முழங்கால் தாங்கவில்லை. ஐயாயிரம் கவுஸர் தருவதாக, மீதி இன்ஷிராஹ் போடுவதாக முடிந்தது. மகன் தலையில் இருபதாயிரம் நிற்பதைவிட அது மலிவுதானே. தரும்போது கவுஸர், இதையும் பட்டியலில் எழுதலாமா என்று கேட்டாள். மாப்பிள்ளை அம்மாவின் அன்பளிப்பு என்று வேண்டுமானால் எழுதலாம், அதுவும் பொண்ணோட சாமான்தான் என்றாள் இன்ஷிராஹ்.

மெஷின் புதன்கிழமையே வந்தது. கல்யாணம் நல்லபடி நடந்தது. சாப்பாடு சுமார், மாப்பிள்ளை வீட்டார் வாத்தைச் சரியாக வேகவிடவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் கவுஸர் தன் வீட்டுக் கம்பளி, திரைச்சீலை, கடைத் திண்டு உறை எல்லாவற்றையும் மூட்டை கட்டி மகன் வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். ஐயாயிரம் பவுண்டு துவைத்துத் தீரும்வரை வருவாளாம். ஹதீர் அழுதுகொண்டே அம்மாவுக்குப் போன் செய்தாள். ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

"துவைச்சுட்டுப் போகட்டும்டி. மெஷின் தேஞ்சா தேயட்டும். பட்டியல்ல இருபதாயிரம் தேயாது" என்றாள் இன்ஷிராஹ்.