பார்த்தசாரதியின் பிழைக்காத கணிப்புகள்

பார்த்தசாரதி வாழ்நாளில் டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டதில்லை. அது ஒரு குறையே இல்லை என்பார். நாளைக்கு மழை வரும் என்று சொல்பவன் மேகத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டா வருகிறான் என்று திருப்பிக் கேட்பார்.

மேற்கு மாம்பலத்துக்காரர், வயது ஐம்பத்து நான்கு. இப்போது ஆஸ்திரேலியாவில், பரமட்டாவில் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில், எந்தப் பகுதியில் வருஷத்துக்கு எத்தனை கார் இடிபடும் என்று முன்கூட்டியே கணக்குப் போடும் வேலை. அந்தக் கணக்கு அநேகமாகச் சரியாக வந்துவிடும் என்பதால் அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசுவதில்லை. பேசுவதெல்லாம் டென்னிஸ்தான். ஸ்ட்ராத்ஃபீல்டில் எங்கள் அடுக்குமாடியில் அவர் மூன்றாவது மாடி, நான் இரண்டாவது. காலை ரயிலில் ஒன்றாகப் போகிறோம். பதினொரு வருஷமாக அவருடைய கணிப்புகளைக் காது கொடுத்துக் கேட்டவன் என்ற தகுதியில் சொல்கிறேன்: பூவா தலையா போட்டுப் பார்த்தாலே பாதிக்குப் பாதி சரியாக வரும். அத்தனையும் தவறாக வர ஒரு தனித் திறமை வேண்டும்.

அவருடைய முறையே அப்படி. யார் நன்றாக ஆடுகிறான் என்பது ஊருக்கே தெரிந்திருக்கும்; அதைச் சொல்ல நான் எதற்கு என்பார். முதல் சர்வ் எத்தனை சதவீதம் உள்ளே விழுகிறது, இடதுகைக்காரனிடம் எப்படி ஆடினான், முப்பத்தெட்டு டிகிரி வெயிலில் எத்தனை முறை தோற்றான் என்று நோண்டி நோண்டி, கடைசியில் யாருமே சீந்தாத ஒருவனைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வருவார். ஜனவரியில் மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓப்பன் தொடங்கியதும் ஆபீஸுக்கு இரண்டு வாரம் லீவு. தினம் காலையில் ஒரே ஓர் ஆட்டத்தைப் பற்றி எங்கள் வாட்ஸப் குழுவில் எழுதுவார். பந்தயத்தில் அவர் ஒரு காசு போடமாட்டார். கல்யாணமான புதிதில் மனைவி சந்திரகலா சத்தியம் வாங்கிவிட்டாள் என்பது அவர் சொல்லும் காரணம். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் சந்திரகலாவைக் கேட்டால், தான் எந்தச் சத்தியமும் வாங்கவில்லை, மனுஷனுக்கு அவ்வளவு புத்தியாவது இருக்கிறது என்பார்.

அவர் எழுதுவதில் மேலே ஒரு முழத்துக்குப் புள்ளிவிவரம் இருக்கும். கடைசி வரியில் மட்டும் ஜெயிக்கப்போகிறவனைக் குறிப்பிட்டு, சென்னைப் பழக்கத்தில் இரண்டு சொல் சேர்ப்பார். "அந்த குரோஷியாக்காரன், சான்ஸே இல்ல." எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம், பிரமாதம், அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது. உடனே குழுவில் விவேக் என்ற துடுக்குக்காரன், எதிராளிக்கு மாலை வாங்கி வையுங்கள் என்று பதில் போடுவான். நாங்கள் இருபத்தேழு பேரும் சிரிப்போம். பார்த்தசாரதி கோபித்துக்கொள்ள மாட்டார். கணக்கு சரி, ஆடினவன்தான் தப்பு என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

ஆனால் உள்ளே வலித்திருக்கிறது. ஒருநாள் ரயிலில், என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வீட்ல நம்ப வேணாம், ஆபீஸ்ல நம்ப வேணாம். எவனாவது ஒருத்தன், என்னிக்காவது, நீங்க சொன்னதைக் கேக்காம விட்டது தப்புன்னு சொல்லிட்டா போதும்ப்பா." அன்றும் நான் ஏதோ கேலிதான் செய்தேன்.

இந்த ஜனவரியில் கீழ் வீட்டு இரத்தினசிங்கம் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எழுபத்திரண்டு வயது, தனியாக இருக்கிறார். ஒரே மகள் தாரிணி மெல்போர்னில், ரோவில் பக்கம். தமிழ் சினிமா பார்த்தால் புத்தி மழுங்கும் என்று இளமையிலேயே முடிவு செய்து, இன்றுவரை அந்த முடிவிலிருந்து இறங்காதவர். அவர் ஒருநாள் பார்த்தசாரதியிடம், உங்கள் கணிப்பை என் போனுக்கும் அனுப்புங்கள், அந்தப் புள்ளிவிவரம் எனக்கு விளங்காது, முடிவை மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டார். பதினொரு வருஷத்தில் கேட்டு வாங்கிக்கொண்ட முதல் ஆள் அவர்தான். பார்த்தசாரதிக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் லிஃப்ட் வாசலில் இரத்தினசிங்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, உங்கட கணிப்பு பிழைக்கேல்லை" என்றார். யாழ்ப்பாணத்தில் பிழை என்றால் தவறு. பிழைக்கேல்லை என்றால் தவறவில்லை. எங்கள் பக்கத்தில் பிழைப்பது என்றால் உயிர் தப்புவது. கணிப்பு செத்துப்போனதற்கு ஒரு பெரிய மனிதர் துக்கம் விசாரிக்கிறார் என்றே பார்த்தசாரதி எடுத்துக்கொண்டார். ஆமாம், நம் கையில் என்ன இருக்கிறது என்று தலைகுனிந்தார். என்ன அடக்கம் என்று இரத்தினசிங்கம் உருகினார். பன்னிரண்டு நாளும் இதே கதை நடந்தது. நடுவில் ஒருநாள் ஒரு பெட்டி மாம்பழம் கூட வந்தது. நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் பழம் கொண்டுபோவதில்லையா, அந்தக் கணக்கில் பார்த்தசாரதி அதை வாங்கி வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். ஒரு செக் பையனும் ஓர் அர்ஜென்டினாக்காரனும். பந்தயம் நடத்துகிறவர்களே இருவருக்கும் சரிசமம் என்று கைவிட்டிருந்தார்கள். சனிக்கிழமை காலையிலேயே பார்த்தசாரதி எழுதிவிட்டார்: "செக் பையன், சான்ஸே இல்ல." நான் அவர் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது இரத்தினசிங்கம் படியேறி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, செவ்வாய்க்கிழமை ரோவிலுக்குப் போவதாகச் சொன்னார். தாரிணி வீடு வாங்கியிருக்கிறாள், குடிபூரல், நாம் கிரகப்பிரவேசம் என்போமே அது. பிள்ளைக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கிக் கொடுக்கப் பென்ஷனில் மிச்சம் பிடித்து ஆயிரத்து இருநூறு டாலர் வைத்திருக்கிறார். ஆனால் அவள் கடையில் ஆசையாகத் திறந்து திறந்து பார்த்தது இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ், விலை இரண்டு மடங்கு. அதனால் முழுப் பணத்தையும் நாளைக்கு அர்ஜென்டினாக்காரன் மேல் போடப்போகிறார். இந்தப் பன்னிரண்டு நாளும் பத்துப் பத்து டாலராகப் போட்டு ஒருநாள் கூடத் தோற்றதில்லை. எல்லாம் தம்பியின் புண்ணியம் என்றார்.

பார்த்தசாரதி குழம்பிப்போய், நான் எழுதியது செக் பையன் ஆயிற்றே என்றார். இரத்தினசிங்கம் போனை எடுத்து நீட்டினார்.

"செக் பெடியனுக்குச் சான்ஸே இல்லை எண்டு நீங்கள்தானே எழுதினீங்கள்?"

எனக்கு முதலில் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கக் காபியை வாயில் கவிழ்த்துக்கொண்டேன். பிறகு பார்த்தசாரதிக்கும் புரிந்தது. பன்னிரண்டு நாள் துக்கம் விசாரிப்பெல்லாம் பாராட்டு என்று அவருக்கு உறைத்தபோது, முகம் விளக்கேற்றிய மாதிரி ஆனது. ஒருவர் அவரை நம்பியிருக்கிறார். அதுவும் காசைப் போட்டு நம்பியிருக்கிறார். அந்தப் பிரகாசம் அரை நிமிஷம் நின்றிருக்கும். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நானாக இருந்தால் இருந்திருப்பேன். அவர் இருக்கவில்லை, அதற்காக அந்த மனிதரை நான் இன்றும் மதிக்கிறேன்.

"சார், எங்க ஊர்ல சான்ஸே இல்லன்னா, அவன்தான் ஜெயிப்பான்னு அர்த்தம்."

"அப்ப இவ்வளவு நாளும் நீங்கள் சொன்னது?"

"எல்லாமே தப்பு சார். ஒண்ணுகூட சரியா வரல."

இரத்தினசிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். யோசித்தார். பிறகு பரம சாந்தமாகச் சொன்னார்: "அப்ப பிரச்சினை இல்லைத்தானே, தம்பி. நீங்கள் செக் எண்டு நினைச்சால் அர்ஜென்டினாதான் வெல்லும்."

பார்த்தசாரதி பதறினார். பாதிப் பணம் மட்டும் போடுங்கள் என்றார், இந்த முறை கணக்கு நிஜமாகவே சரியாக இருக்கிறது என்றார். ஒவ்வொரு நாளும் அப்படித்தானே நினைத்தீர்கள் என்று பெரியவர் அன்பாகக் கேட்டார். "நான் போட்டு வாறன்" என்று இரத்தினசிங்கம் எழுந்தார். போய்விட்டு வருகிறேன் என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பந்தயத்தைப் போட்டுவிட்டு வருகிறேன் என்று பார்த்தசாரதி காதில் விழுந்தது. அந்த ஒருமுறைதான் அவர் சரியாகக் கேட்டார்.

ஞாயிறு சாயங்காலம் நானும் அவர் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். தான் சொன்னவன் தோற்க வேண்டும் என்று ஒரு மனிதன் கைகூப்பி வேண்டியதை அன்றுதான் பார்த்தேன். முதல் இரண்டு செட்டையும் அர்ஜென்டினாக்காரன் எடுத்தான். பார்த்தசாரதி முறுக்கை எடுத்துக் கடித்தார். தன் கணக்கு எங்கே சறுக்கியது என்று எனக்கும் சந்திரகலாவுக்கும் சந்தோஷமாக விளக்கினார். மூன்றாவது செட்டில் செக் பையன் விழித்துக்கொண்டான். அவன் சர்வ் போடப் போட, முதல் சர்வ் அறுபத்தெட்டு சதவீதம் என்று தானே எழுதியதை இவர் முனகிக்கொண்டே இருந்தார். ஐந்தாவது செட்டில் எல்லாம் முடிந்தது. செக் பையன் தரையில் விழுந்து அழுதான். இங்கே இவர் கண்ணை மூடிக்கொண்டார். போன் அடங்கவில்லை. இருபத்தேழு பேரும் வாழ்த்தினார்கள், விவேக் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டான். பார்த்தசாரதி போனைக் கவிழ்த்து வைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை இரத்தினசிங்கம் வாசலில் டாக்ஸிக்கு நின்றார். ஒரு கையில் பை, இன்னொரு கையில் ஃப்ரிட்ஜ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிரஷர் குக்கர் பெட்டி. பார்த்தசாரதி ஓடிப்போய் ஒரு கவரை நீட்டினார். பெரியவர் அதைத் தொடவில்லை.

"உங்களில என்ன குற்றம், தம்பி? நீங்கள் வடிவாச் சொன்னனீங்கள். நீங்கள் சொன்னதைக் கேக்காமல் விட்டது என்ர பிழை. இனி நீங்கள் சொல்லுறதை அப்பிடியே நம்பிப் போடுவன்."

பதினொரு வருஷம் காத்திருந்த வாக்கியம். அது வந்தபோது பார்த்தசாரதியின் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கஷ்டமாக இருந்தது. கேலி செய்ய ஒன்றும் தோன்றவில்லை.

டாக்ஸியில் ஏறி உட்கார்ந்த இரத்தினசிங்கம் கண்ணாடியை இறக்கி, அடுத்த போட்டி எப்போது என்று கேட்டார். வருஷம் முழுக்க எந்த ஊரில், எந்தத் தேதியில், எந்தத் தரையில் ஆட்டம் என்று தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிக்கிறவர் பார்த்தசாரதி.

"தெரியாது சார்" என்றார்.

இரத்தினசிங்கம் அதையும் நம்பினார்.