கடைசி இருக்கையில் வீட்டுச் சாவி

ஏழாம் எண் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘முப்பத்தொண்ணு அக்கா’. மாலையில் வண்டியைக் கிளப்புமுன் முன்வரிசையிலிருந்து பின்வரிசைவரை நடந்து, ஒவ்வொரு இருக்கையின் முதுகையும் தட்டி, வாய்விட்டு எண்ணுவாள். முப்பத்தொன்று வராவிட்டால், யார் தலைகீழாக நின்றாலும் வண்டி நகராது. ஒருமுறை முப்பத்திரண்டு வந்துவிட்டது. மூன்று தடவை எண்ணிப் பார்த்தாள். கடைசியில், வேறு வண்டியில் போக வேண்டிய ஒரு சிறுமி தோழியோடு பேசிக்கொண்டே இதில் ஏறி உட்கார்ந்திருந்தது தெரிந்தது.

எண்ணுவதோடு அவள் விடவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், எல்லாரையும் இறக்கிவிட்டோம் என்று நினைத்து வண்டியைக் கொட்டகையில் பூட்டப் போனபோது, கடைசி வரிசையில் ஒரு குட்டிப் பெண் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. மறுநாளே ஒரு கொக்கி வாங்கிக் கடைசி இருக்கைக்கு மேலே அடித்து, தன் வீட்டுச் சாவியை அதில் தொங்கவிட்டாள். சாவி வேண்டுமென்றால் வண்டியின் கோடிவரை நடந்தே தீர வேண்டும். எதை மறந்தாலும் வீட்டுக்குப் போவதை மறக்க மாட்டோமே என்பது அவள் கணக்கு. படித்தவர்கள் கூட்டம் போட்டு யோசித்தாலும் இதைவிட நல்ல ஏற்பாடு கிடைத்திருக்காது என்று நான் அடித்துச் சொல்வேன்.

வீட்டிலும் அவள் ஏற்பாடு இப்படித்தான், கறாராக இருக்கும். கணவனுக்கு பிஸ்கட் ஆலையில் மதிய ஷிப்ட். காலையில் மகளுக்குத் தலைபின்னிப் பள்ளியில் விடுவது அவன் வேலை. ஒரு சடை மற்றதைவிட ஒரு சாணாவது ஏறியிருக்கும். எட்டு வயது மகள் அதை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. மாலை முழுக்க அம்மாவுடையது. மகள் அதே பள்ளி, அதே வண்டி. ஓட்டுநர் இருக்கைக்கு நேர் பின்னால் அவளுக்கென்று ஓர் இடம்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வண்டிக்குள் அம்மா என்று கூப்பிடக் கூடாது. மற்றப் பிள்ளைகளைப் போல அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். அங்கே அவள் டிரைவர், வீட்டில்தான் அம்மா. வேலையை வீட்டுக்குள்ளும் வீட்டை வேலைக்குள்ளும் கலக்கக் கூடாது, கலந்தால் இரண்டும் கெடும் என்பாள். அந்தக் கோட்டைக் கிழித்து வைத்ததில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட. வண்டி கொட்டகைக்குள் நுழைந்து இன்ஜின் நின்றதும் கோடு அழிந்துவிடும். மகள் பின்னால் ஓடிப்போய்க் கொக்கியிலிருந்து சாவியை எடுப்பாள். அம்மா ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் குனிந்து பார்த்தபடி வந்து சேர்வாள்.

அன்றைக்கு மழை சரியான பிடி பிடித்தது. பிள்ளைகள் நனைந்த பையும் குடையுமாக ஏற, ஒரே கூச்சல். அவள் வழக்கம்போல எண்ணினாள். முப்பத்தொன்று, அச்சுப் பிசகவில்லை. கிளம்பினாள். முன்கண்ணாடி வைப்பர் ஒரு பக்கம் மக்கர் பண்ண, வழி முழுக்கக் கண்ணைச் சாலையை விட்டு எடுக்கவில்லை. ஒவ்வொருவராக இறக்கிவிட்டு, கொட்டகைக்கு வந்து, இன்ஜினை அணைத்து, இருக்கை அடிகளைப் பார்த்துக்கொண்டே பின்வரிசைக்கு நடந்தாள்.

கொக்கியில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

அதை எடுக்கக் கையை நீட்டியவள் அப்படியே நின்றாள். இந்நேரம் அது மகள் கையில் அல்லவா இருக்க வேண்டும்? திரும்பிப் பார்த்தாள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் யாருமில்லை. வண்டியில் ஈ காக்கை இல்லை.

எங்கே பிசகியது என்பது அவளுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. டிரைவரின் பிள்ளை எப்படியும் டிரைவரோடு வந்துவிடும், அதற்கு எதற்குப் பட்டியல் என்று பள்ளி அலுவலகம் வண்டிப் பட்டியலில் மகளின் பெயரைச் சேர்க்கவே இல்லை. அவளும் சேர்க்கச் சொல்லவில்லை. முப்பத்தொன்றில் மகள் ஒருநாளும் இருந்ததில்லை. மூன்று வருடமாக ஊரார் பிள்ளைகளை எல்லாம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணியவள், தன் பிள்ளையை ஒரு தடவைகூட எண்ணியதில்லை.

பள்ளிக் காவலாளிக்குப் போன் போட்டாள். “பாப்பா என்கூடத்தாம்மா இருக்கு. அழுவல்லாம் இல்ல. நீங்க பதறாம வாங்க,” என்றார் அவர். ஓவிய வகுப்பு முடிந்து தூரிகைகளைக் கழுவப் பின்பக்கக் குழாய்க்குப் போன பிள்ளைக்கு, மழைச் சத்தத்தில் மணி கேட்கவில்லையாம்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள். இருபத்தைந்து நிமிட வழி. அழுதால் சாலை மங்கும் என்று அழாமலே ஓட்டினாள்.

மகள் காவலாளியின் அறையில், அவருடைய துண்டைப் போர்த்திக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். வாசலில் வண்டி நிற்பதையும் அம்மா ஓடி வருவதையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “இப்ப நீங்க அக்காவா, அம்மாவா?”

அவள் பிள்ளையை அள்ளி அணைத்து, அம்மாதான் என்றாள். இவ்வளவு நேரம் அடக்கி வைத்ததெல்லாம் அங்கேதான் உடைந்தது. இந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது, நான் மூச்சு விட மாட்டேன் என்று காவலாளி அவளைத் தேற்றி அனுப்பினார்.

மறுநாள் விடிகாலை, தேநீர் ஆறும்வரை தொடாமல், வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று கணவனிடம் சொன்னாள். சொந்தப் பிள்ளையைக் கோட்டைவிட்ட கைக்கு ஸ்டியரிங் எதற்கு என்று கேட்டாள். அவன் ஆறிய தேநீரைச் சுடவைத்துக் கொண்டுவந்து அவள் முன் வைத்தான்.

“நீ எண்ணினது தப்பில்ல. உனக்குக் குடுத்த கணக்குதான் தப்பு. போய் அதை மாத்து. வேலையை விட்டா உனக்கும் முகம் வாடிடும், எங்களுக்கும் சோறு இறங்காது.”

காலைச் சுற்று முடிந்ததும் அவள் நேராகப் போக்குவரத்து மேலாளரின் அறைக்குப் போனாள். ஒளித்து வைக்க நினைத்திருந்தால் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்திருக்கும். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. நேற்று நான் ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போனேன் என்று நின்றபடியே சொன்னாள். மேலாளர் அம்மாள் அதிர்ந்துபோய் அதற்கான படிவத்தை எடுத்து நீட்டினார். மேல்பாதியில் ஓட்டுநரின் விளக்கம், கீழ்ப்பாதியில் பெற்றோரின் புகார். மேல்பாதியில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கீழே வந்து, பெற்றோர் கோரும் நடவடிக்கை என்ற இடத்தில், ‘என் மகளின் பெயரைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்’ என்று எழுதி, அங்கேயும் தானே கையெழுத்துப் போட்டாள்.

மேலாளர் இரண்டு கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இருபது வருடத்தில் இப்படி ஒரு படிவம் அவர் கண்டதில்லை. “உங்க மேல நீங்களே புகார் குடுக்குறீங்களா?” என்றார்.

“டிரைவர் செஞ்சது தப்பு மேடம். அம்மா கேக்கத்தானே வேணும்.”

எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. அதை வாங்கிக்கொண்டாள். கூடவே புதிய பட்டியலும் வந்தது. பள்ளியின் ஏழு வண்டி ஓட்டுநர்களின் பிள்ளைகளும் அன்றோடு அவரவர் வண்டிப் பட்டியலில் ஏறினார்கள்.

அன்று மாலை அவள் எண்ணத் தொடங்கியபோது முன்னைவிடக் குரல் ஓங்கியிருந்தது. முன்னிருந்து பின்னே போய் முப்பத்தொன்று என்றதும், பிள்ளைகள் அவ்வளவுதான் என்று பையைச் சரிசெய்துகொண்டார்கள். அவள் திரும்பி நடந்து வந்து, தன் இருக்கைக்குப் பின்னாலிருந்த ஏற்றமும் இறக்கமுமான இரட்டைச் சடைத் தலையில் கை வைத்து, முப்பத்திரண்டு என்றாள். மகள் நிமிர்ந்து பார்த்து, “சரிம்மா” என்றாள். வண்டிக்குள்தான் சொன்னாள். அவள் திருத்தவில்லை.

கொட்டகையில் இன்ஜின் நின்றதும் மகள் வழக்கம்போலச் சாவிக்கு ஓடினாள். எடுத்துக்கொண்டு உடனே இறங்கவில்லை. பின்வரிசையிலிருந்து காலி இருக்கைகளை ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணிக்கொண்டே முன்னால் வந்தாள். தன் இடத்தில் முப்பத்திரண்டு சொல்லிவிட்டு, இன்னும் ஓர் அடி எடுத்து வைத்து அம்மாவின் தோளைத் தட்டினாள்.

“முப்பத்திமூணு. உன்னை யாருமே எண்ணலையேம்மா.”

சாவியை அம்மாவின் உள்ளங்கையில் வைத்து மூடினாள். இருவரும் வண்டியைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தார்கள்.