நீலக் கைப்பிடி வடிகட்டி

எங்கள் அடுக்களையில் இரண்டு டீ வடிகட்டிகள் தொங்குகின்றன. ஒன்றில் டீ வடிப்போம். நீலக் கைப்பிடி போட்ட மற்றொன்றை டீக்கு எடுக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஒருநாள் என் கணவர் அவசரத்தில் அதில் வடித்து இரண்டு மடக்குக் குடித்த பிறகுதான் நான் கவனித்தேன். அது எதற்கான வடிகட்டி என்று சொன்னதும் மனிதர் அன்று முழுக்க டீயே கேட்கவில்லை. நன்றாகக் கழுவித்தான் மாட்டியிருந்தேன். இருந்தாலும் கொசுப்புழு பிடித்த வடிகட்டி என்றால் யாருக்கும் குமட்டத்தான் செய்யும். எனக்கு அதைப் பார்த்தால் தையல்கார அக்காவின் ஞாபகம் வரும்.

கொசு ஒழிப்புப் பணியாளராக நான் முதலில் சேர்ந்தது, குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவே ஓர் ஊரில். பெயர் வேண்டாம், அங்கே இன்னும் என்னைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வீடு வீடாகப் போய்த் தேங்கிய தண்ணீரைத் தேட வேண்டும். புழு இருந்தால் கொட்ட வேண்டும். கதவுக்குப் பின்னால் ஒட்டிய அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். அவ்வளவுதான் வேலை. சாரல் காலத்தில் ஊரில் ஒரு சிரட்டைகூடக் காய்ந்து கிடக்காது. கையில் டார்ச், கழுத்தில் அடையாள அட்டை என்று எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறியிருந்தது. கண்ணில் பட்ட தண்ணீரை எல்லாம் கவிழ்த்துக்கொண்டே போனேன்.

அப்படித்தான் ஒரு மாடி வீட்டுக்கு வெளிப்படி வழியாக ஏறினேன். கீழே பலசரக்குக் கடை வைத்திருந்த வீட்டுக்கார அண்ணாச்சியின் குடும்பம். மேலே ஒற்றை அறையில் தையல்கார அக்கா. அவள் நூல் வாங்கத் தென்காசிக்குப் போயிருந்தாள். மாடிச் சுவரோரம் மீன் கடைத் தெர்மாகோல் பெட்டிகளும் பெயிண்ட் வாளிகளுமாக ஏழு இருந்தன. எல்லாவற்றிலும் தண்ணீர், தண்ணீரின் மேல் குட்டி முட்டைக்கோஸ் மாதிரி ஆகாயத்தாமரை. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். ஒரு வீட்டில் ஏழு தொட்டி! அன்றைய வேலைக்கு இது போதும் என்று முதல் பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்தேன். இரண்டாவதையும் கவிழ்த்த நேரம் அக்கா படியேறி வந்தாள்.

சண்டைக்குத் தயாராக நின்றேன். அவள் பையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடி, நீலக் கைப்பிடி வடிகட்டியோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் கவனித்தேன், சிமெண்டுத் தரையில் கொசுப்புழுவைத் தின்னும் கப்பி மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக வடிகட்டியில் அள்ளி வாளியில் விட்டாள். பிழைத்தது பாதிதான். செடிகளை மடியில் பொறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்:

"ஏட்டி, கொட்டுததுக்கு முன்னால ஒருக்க குனிஞ்சு பாத்திருக்கலாம்லா? புழு இருந்துச்சா?"

இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவே இல்லை. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிவிட்டேன். அடுத்த வாரம் போனபோது கேட்காமலே தேங்காய் நாரை எடுத்து, அவளுடைய பெட்டிகளின் பக்கவாட்டைத் தேய்த்துக் கொடுத்தேன். கொசு முட்டை அங்கேதான் ஒட்டும், தண்ணீரை மாற்றினால் மட்டும் போகாது. அதுதான் என் மன்னிப்பு என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். டீ போட்டுத் தந்தாள். அதை எந்த வடிகட்டியில் வடித்தாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அவள் எதற்காகத் தண்ணீரில் செடி வளர்த்தாள் என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. கட்டியவன் விட்டுப் போன பிறகு நாலு வருஷத்தில் மூன்று வீடு மாறியவள் அவள். இந்த வீட்டைத் தரும்போதே, கட்டடம் ஒழுகும், மாடிக்கு ஒரு பிடி மண் ஏறக் கூடாது என்று அண்ணாச்சி சொல்லிவிட்டாராம். "மண்ணுதான வேண்டாம்னாவ, தண்ணிய வேண்டாம்னு சொல்லலியே" என்று சிரிப்பாள். வாடிக்கையெல்லாம் அந்தத் தெருவைச் சுற்றித்தான். வீடு போனால் பிழைப்பும் போகும் என்கிற பயம் அந்தச் சிரிப்புக்குள் இருந்தது.

அவள் செடி பார்க்கும் விதம் தனி. மழைநீர் நேராகச் சொட்டினால் குருத்து அழுகும் என்று பெட்டிகளைச் சன்ஷேடுக்கு அடியில் தள்ளி வைப்பாள். பங்குனி வெயிலுக்குப் பழைய சேலையை இழுத்துக் கட்டுவாள். பெட்டி நிரம்பி மீன் வெளியே போய்விடாமல், விளிம்புக்குக் கீழே ஓட்டை போட்டு, ஜாக்கெட் தைத்து மிஞ்சிய நெட் துணியை அதில் ஒட்டியிருந்தாள். வாரம் ஒருமுறை பாதிச் செடியை எடுத்துவிடுவாள், இல்லாவிட்டால் ஒன்றையொன்று நெருக்கிப் பழுத்துப்போகும். எடுத்ததை மாடியில் காயப்போட்டுத்தான் குப்பையில் சேர்ப்பாள். ஒருநாள் நான், வாய்க்காலில் வீசிவிட்டால் வேலை முடிந்ததே என்றேன். "குளத்துல அமலைச் செடி மண்டிக் கெடக்கது போதாதா? நீயெல்லாம் சுகாதாரத்துல வேலை பாக்க" என்றாள். ஒரு செடியைத் தூக்கித் தொங்கும் வேரைப் பார்த்தே தண்ணீரின் சேதி சொல்வாள். வேர் நீண்டு போயிருந்தால் தண்ணீரில் சத்தில்லை என்று அர்த்தம், அரிசி களைந்த தண்ணீர் ஒரு டம்ளர் விடுவாள். கடைசியாக என் கண் முன்னால் ஒவ்வொரு பெட்டியிலும் வடிகட்டியை விட்டு அரித்துக் காட்டுவாள். ஒரு புழு கிடைத்ததில்லை.

அந்த ஐப்பசியில் வீட்டுக்கார அண்ணாச்சியின் பேரனுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்து தேறிக்கொண்டிருந்தபோது, அண்ணாச்சி எங்கள் சுகாதார ஆய்வாளரைக் கையோடு கூட்டி வந்துவிட்டார். என்னையும் வரச் சொன்னார்கள்.

"மேல பூராம் தண்ணியத் தேக்கி வச்சிருக்கா சார். எல்லாத்தையும் கொட்டுங்க. அவளயும் காலி பண்ணச் சொல்லுதேன்."

அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆய்வாளர் அவளிடமே வடிகட்டியை வாங்கி ஏழு பெட்டியிலும் விட்டுப் பார்த்தார். புழு இல்லை. "இன்னைக்கு இல்ல. போன வாரம் இருந்திருக்கும்லா?" என்றார் அண்ணாச்சி. ஆய்வாளர் கீழ் வீட்டு அட்டையை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார்.

"இங்கனயும் உள்ள போய்ப் பாத்துத்தான கையெழுத்துப் போட்ட?"

வாரம் தவறாமல் என் கையெழுத்து இருந்தது. ஆனால் மூன்று வாரமாக அண்ணாச்சி வாசலிலேயே மறித்து, உள்ளே எல்லாம் சுத்தமாகத்தான் இருக்கு, போட்டுவிட்டுப் போ என்று சொல்ல, நானும் பெரிய மனுஷரிடம் எதற்கு மல்லுக்கட்ட வேண்டும் என்று நின்ற இடத்திலேயே போட்டிருந்தேன். ஆமாம் என்று சொன்னால் என் வேலைக்கு ஆபத்தில்லை. கீழ் வீடு சுத்தம், பழி மாடிக்கு, அக்கா தெருவுக்கு. குனிஞ்சு பாத்திருக்கலாம்லா என்று அவள் அன்று கேட்டது காதில் விழுந்துகொண்டே இருந்தது.

"இல்ல சார். மூணு வாரமா உள்ள போகல. வாசல்ல நின்னே போட்டுட்டேன்."

ஆய்வாளர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எல்லோருமாக உள்ளே போனோம். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், கீழே, தண்ணீர் வடிந்து சேரும் தட்டு ஒன்று இருக்கும். அதை உருவி நீல வடிகட்டியில் ஊற்றினேன். வலையில் பத்துப் பதினைந்து புழுக்கள் நெளிந்தன. அண்ணாச்சி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஜெயித்த மாதிரி எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பிள்ளை கையில் ஊசியோடு படுத்திருந்ததில் என் மூன்று கையெழுத்துக்கும் பங்கு உண்டோ என்ற எண்ணம்தான் வந்தது. வெட்கமாக இருந்தது. இப்போதும் அதை நினைத்தால் வெட்கம்தான்.

விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். வேலை தப்பியது, வேறு பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். பிள்ளை நல்லபடியாக வீடு திரும்பினான். காலி பண்ணும் பேச்சை அண்ணாச்சி பிறகு எடுக்கவில்லை. ஒரு மாதம் கழித்து, காலி பாட்டில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அவரே மாடியேறி வந்து, தண்ணீர்த் தொட்டியில் விட நாலு மீன் கேட்டாராம். அதைச் சொல்லும்போது அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இப்போது அக்கா பண்பொழியில் சொந்த வீட்டில் இருக்கிறாள். வீட்டைச் சுற்றி நல்ல செம்மண். போன மாதம் போயிருந்தேன். பின்வாசலில் அதே தெர்மாகோல் பெட்டிகள்.

"இப்பதான் மண்ணு இருக்கே அக்கா, இன்னும் எதுக்கு இது?"

"மண்ணுல வச்சா வேரப் பாக்க முடியாதுல்லா" என்றாள்.

ஒரு வாளியில் இரண்டு செடியும் மீனும் போட்டு, மேலே அந்த வடிகட்டியையும் வைத்துக் கொடுத்தாள். வாளி இப்போது என் வீட்டு வாசலில் இருக்கிறது. செடி இரண்டும் ஒன்பதாகிவிட்டன. காலையில் ஒன்றைத் தூக்கி வேரைப் பார்க்காமல் எனக்குப் பொழுது விடிவதில்லை.

நேற்று எங்கள் தெருவுக்கு வரும் பணியாளர் வந்தாள். நானும் இதே வேலை பார்ப்பவள் என்று அவளுக்குத் தெரியும். வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுல என்னக்கா இருக்கப் போகுது" என்று சொல்லி, செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவுக்குப் பின்னாலிருந்த அட்டையை இழுத்துப் பேனாவைத் திறந்தாள். நான் அட்டையை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய் நீல வடிகட்டியை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தேன்.

"உள்ள வாட்டி. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால குனிஞ்சு பாத்துட்டு அப்புறம் போடு."