பாப்பாமோட்டைக் கரிக்கோடு

நோகுதோ என்று கேட்பதுதான் என் தொழில். அதற்கு உண்மையான பதில் வாங்கப் பழகுவதற்குள் எனக்கு வயது அறுபதாகிவிட்டது.

படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. சண்டைக் காலத்தில் கடல் தாண்டிப் போய்த் தமிழ்நாட்டு முகாமில் கிடந்தபோது, கை கால் வராத ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு அம்மா வருவா. அவவுக்குக் கூடமாட நின்று பழகினது இந்த வேலை. திரும்பி ஊருக்கு வந்தும் அதைத்தான் செய்கிறேன். முறிந்த எலும்பு பொருந்தின பிறகு, என்னென்ன பயிற்சி செய்ய வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து வீட்டுக்கு விடுவார்கள். அந்தத் தாள் அலுமாரிக்குள் போய்விடும். அதை வெளியில் எடுத்துச் செய்ய வைக்க ஒரு ஆள் வேண்டும். மன்னார்த் தீவிலும் இங்கால் பெருநிலத்திலும் ஸ்கூட்டியில் வீடு வீடாகத் திரிகிற அந்த ஆள் நான். எக்சசைஸ் அக்கா என்றால் தெரியும்.

முதுகைப் பிடித்துக்கொண்டும் முழங்காலைத் தடவிக்கொண்டும் இதை வாசிக்கிற நீங்கள் எல்லாரும் என்னுடைய ஆட்கள்தான். நீங்களும் ஒருநாளாவது என்னைப் போல ஒருத்திக்குப் பொய் சொல்லியிருப்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை முதுகு

பெரியமடுவில் ஒரு பெண். நெல்லு மூட்டை தூக்கி முதுகு பிடித்துவிட்டது. பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மெல்லத் தூக்கி இறக்கச் சொன்னேன். காலையில் பத்துத்தரம், பின்னேரம் பத்துத்தரம். தலையை ஆட்டிக் கேட்டா. செய்து காட்டச் சொன்னபோது வடிவாகச் செய்தும் காட்டினா.

அடுத்த கிழமை போனால் எழும்ப முடியாமல் கிடக்கிறா. தேத்தண்ணி வைக்கக்கூட ஏலவில்லை. செய்யாமல் விட்டீங்களோ என்று கேட்டேன். அவவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒன்றுகூட விடவில்லையாம், நூற்றி நாற்பதும் செய்தாவாம். எனக்குக் கணக்கு ஓடவில்லை. அவவே விளங்கப்படுத்தினா: "கிழமையில ஆறு நாள் எனக்கு வயல் வேலை இருக்குது அக்கா. அதுதான் எல்லாத்தையும் சேர்த்து ஞாயிற்றுக்கிழமையே செய்து முடிச்சிட்டன்."

வலத்தோள்

தீவுப் பக்கம் பேசாலையில் றீற்றா அக்கா. புருசன் கடலோடு போனவர்; பிள்ளைகள் வெளிநாட்டில். மீன் கழுவின ஈரத்தில் வழுக்கி விழுந்து வலது முழங்கை முறிந்தது. கையில் போட்ட மாக்கட்டை வெட்டி எடுத்த பிறகு கை மடங்கவில்லை. நான் பத்து எண்ணச் சொன்னால் நாலோடு நிறுத்திவிட்டு வேறு கதை கதைப்பா. எண்ணுவதே அவவுக்குப் பிடிக்காது.

ஒருநாள் நான் போனபோது செபத்தில் இருந்தா. இடது கையால் சிலுவை போட்டுவிட்டு, பிழை செய்த பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தா. அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. பத்தும் வேண்டாம், இருபதும் வேண்டாம், செபத்துக்குச் செபம் வலது கையாலேயே சிலுவை போடுங்கோ, எட்டுகிற மட்டும் போடுங்கோ என்றேன். அதற்குப் பிறகு என்னைவிடக் கடவுள்தான் அவவுக்கு எக்சசைஸ் காட்டினார். மூன்று கிழமை கழித்து எப்படி என்று கேட்டேன். மனுசி சிரிக்காமல் சொன்னது: "நெத்தி குனிஞ்சு வருகுது, நெஞ்சு கிட்ட இருக்குது. இந்த வலத்தோள் மட்டும்தான் கையிட்ட வரமாட்டன் எண்டு நிக்குது."

ஒரு கோடு

இனிச் சொல்லப்போவது என்னுடைய பிழை.

பாப்பாமோட்டையில் சிவபாலண்ணை. அறுபத்திமூன்று வயது. வரம்பில் டிராக்டர் சரிந்து விழுந்து வலது தோள் முறிந்தது. அவரும் முகாமில் இருந்து திரும்பினவர்தான். திரும்பி வந்தபோது அவருடைய வயல் ஆள் உயரப் பற்றைக்காடாகக் கிடந்ததாம். அவரும் பெண்சாதி மனோன்மணி அக்காவும் தங்கள் கையாலேயே வெட்டித் திருத்தினார்கள். இப்போது மகன் வவுனியாவில் இருந்து ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறான், வயலை யாருக்கும் கொடுத்துவிட்டு வந்து தன்னோடு இருக்கச் சொல்லி.

அண்ணை வாயைத் திறந்து பேசுவது குறைவு. நான் போன முதல் நாள், சுவரைப் பார்த்து நிற்க வைத்து, விரலால் சுவரில் ஏறச் சொன்னேன். எறும்பு ஏறுகிற மாதிரி விரல் விரலாக ஏற வேண்டும். எட்டின இடத்தில் அடுப்புக் கரியால் ஒரு கோடு போட்டேன். ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டப் பாருங்கோ, நான் வருகிற நாளில் பழைய கோட்டை அழித்துப் புதுக்கோடு போடுவேன் என்றேன். அந்தக் கோடு அவருடைய நெஞ்சு உயரம்கூட இல்லை. அதைப் பார்த்துச் சொன்னார்: "மாரி விதைப்புக்கு இந்தக் கை வராட்டில் நான் வவுனியாவுக்குப் போறன், பிள்ளை. போனால் பிறகு வரமாட்டன்."

நோகேல்லை

இரண்டாம் கிழமை கோட்டை இரண்டு விரல் தாண்டினார். மூன்றாம் கிழமை நாலு விரல். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை, பெரிய புளுகம். விதைப்புக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. இந்த வேகத்தில் போனால் கை நேரே கூரைக்குப் போகும் என்று நினைத்தேன். தாளில் அடுத்த கட்டத்துக்கு எழுதியிருந்ததை முன்னுக்கு இழுத்தேன். கையைப் பிடித்து, நானே மேலே ஏற்றினேன். நோகுதோ அண்ணை என்று கேட்டேன். இல்லை என்றார். இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். திரும்பவும் கேட்டேன். அதே பதில்.

அவருடைய கால்விரல்கள் சீமெந்து நிலத்தைப் பிராண்டுகிற மாதிரி மடிந்து கிடந்ததை நான் கண்டேன். கண்டும் நம்பவில்லை. கோட்டைத்தான் நம்பினேன். எங்கள் சனம் வீட்டுக்கு வந்து பாடுபடுகிற ஆளின் முகத்துக்கு நேரே நோகுது என்று சொல்லாது, அது மரியாதை இல்லை என்று நினைக்கும். இது எனக்குத் தெரியாத விசயமும் இல்லை. அடுத்த நாள் தோள் வீங்கி, கோப்பைகூடத் தூக்க முடியாமல் இருந்தார். அப்போதும் என்னைப் பார்த்து அவர் சொன்னது: "நீங்கள் யோசிக்காதேங்கோ பிள்ளை, பெரிசா நோகேல்லை."

அழித்த இடம்

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எலும்பு தப்பிவிட்டது. இரண்டு கிழமை ஓய்வு, பிறகு முதலில் இருந்து, மெதுவாக என்றார்கள். என்னை ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

திரும்பி வந்து அந்தச் சுவருக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தேன். அப்போதுதான் கண்டேன், என்னுடைய கோட்டுக்கு மேலே வெள்ளைச் சுவரில் ஈரத்துணியால் தேய்த்த அடையாளம். அதற்கு மேலேயும் ஒன்று. மனோன்மணி அக்கா குசினி வாசலில் நின்றா. நான் கேட்கவில்லை. அவவே வந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னா. மனுசன் முதல் நாள் எட்டின அந்தக் கோட்டைக்கூடப் பிறகு எட்ட முடியாமல் ஒவ்வொரு நாளும் சுவரோடு நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாராம். அவவால் பார்க்க முடியவில்லை. நான் போட்ட கோட்டை அழித்து, கீழே இறக்கிப் போட்டிருக்கிறா. ஒருதரம் இல்லை, இரண்டுதரம்.

ஆக, அவர் ஏறவே இல்லை. கோடுதான் இறங்கியிருக்கிறது. அவர் எனக்காகப் பொய் சொன்னார், அவ அவருக்காகப் பொய் சொன்னா. இரண்டு பொய்யையும் நம்பிக் கையைப் பிடித்து முறுக்கினது நான். எனக்குக் கோபம் வரவில்லை, நான் பார்த்திருக்க வேண்டும். மனோன்மணி அக்கா அழுதுகொண்டு சொன்னது இதுதான்: "ஒருநாளைக்கெண்டாலும் அவர் வென்ற மாதிரி இருக்கட்டும் எண்டு நினைச்சன்."

வாளியும் மணலும்

ஓய்வு முடிந்து போன நாள் சுவரடிக்கே நான் போகவில்லை. றீற்றா அக்காவிடம் படித்ததை மறந்ததுக்கு என்னையே ஏசிக்கொண்டு, அண்ணையை முற்றத்துக்குக் கூப்பிட்டு, சுகமான இடது கையால் விதைக்கிறது எப்படி என்று காட்டச் சொன்னேன். ஒரு வாளியை இடுப்பில் அணைத்துக்கொண்டார். பிடி அள்ளினார். இடுப்பு உயரத்தில் இருந்து வெளிப்பக்கமாக ஒரு விசிறு. கை நெஞ்சுக்கு மேலே போகவே இல்லை. நான் அந்த மனுசனைக் கூரைக்கு ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். விதைக்கிறவனுக்குக் கூரையில் என்ன வேலை?

அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் பயிற்சி காட்டுகிற பிள்ளையிடம் போய் அந்த விசிறைச் செய்து காட்டினேன். முதலில் வெறுங்கை, பிறகு கொஞ்ச மணல், நோ வந்தால் அதோடு நிப்பாட்டு என்று சொல்லிவிட்டா. அப்படியே நடந்தது. வெறுங்கையால் ஒரு கிழமை. பிறகு ஒரு சிரட்டை மணல், பிறகு அரை வாளி. தனிய மணல் எறிய மனுசனுக்கு வெட்கமாக இருந்தது. அதனால் மனோன்மணி அக்காவும் இன்னொரு வாளியோடு பக்கத்தில் நின்று எறிந்தா. இரண்டு பேரும் முற்றத்தில் மேலும் கீழும் நடந்து மணல் விதைத்தார்கள். ரோட்டால் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

அவரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: நோகிற இடத்தில் சொல்ல வேண்டும். அதுதான் மணலைவிடப் பாரமாக இருந்தது. நாலு நாள் பல்லைக் கடித்தார். அஞ்சாம் நாள் கையைப் பாதியில் நிறுத்திவிட்டு, களவு பிடிபட்ட ஆள் மாதிரி நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இதில கொஞ்சம் நோகுது போல கிடக்கு, பிள்ளை."

விதைப்பு

விதைப்பு நாள் என்னையும் வரச் சொன்னார்கள். மழை விட்ட காலை. முளை கட்டின நெல்லு வரம்பில் சாக்கோடு இருந்தது. மகனும் வவுனியாவில் இருந்து வந்து நின்றான், தகப்பனைக் கூட்டிக்கொண்டு போகிற யோசனையோடுதான். அண்ணை கிழக்கைக் கும்பிட்டு முதல் பிடியை எறிந்தார். கை வந்தது. இடுப்பில் இருந்து வெளியே, அளவாக, நெல்லு பரந்து விழுந்தது. நான் நெல்லைப் பார்க்கவில்லை. சேற்றுக்குள் அவருடைய கால்விரல் தெரியவில்லையே என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

பாதி வயல் போனார். பிறகு எறிகிற தூரம் குறைந்தது. மகன் பார்க்கிறான், இந்த நேரம் பல்லைக் கடித்து மிச்சத்தையும் எறிந்தால் தோள் திரும்பவும் போய்விடும், தோள் போனால் வயலும் போய்விடும். மகன் வாளியை வாங்க வரம்பால் இறங்கினான். அண்ணை அவனைக் கையால் மறித்தார். எங்கள் பக்கத்தில் விதை எறிவது ஆம்பிளையளுடைய வேலை, பெண்கள் களைக்குத்தான் வயலில் இறங்குவார்கள். மனுசன் வரம்பில் நின்ற பெண்சாதியைப் பார்த்து, வயல் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "இஞ்ச வா, மனோன்மணி. எனக்கு நோகுது. மற்றப் பாதியை நீ விதை."

அவர்கள் வவுனியாவுக்குப் போகவில்லை. தான் விதைத்த பாதியில்தான் முளை அடர்த்தி என்று மனோன்மணி அக்கா இன்றைக்கும் எல்லாருக்கும் சொல்லுறா, அதைக் கேட்கத்தான் அண்ணைக்குக் கொஞ்சம் நோகுதாம், இப்போது அதையும் அவர் வாய்விட்டுச் சொல்லுகிறார்.