சவுரியப்பனின் வெள்ளைச் சுவர்

பட்டாளத்திலிருந்து திரும்பிய சவுரியப்பன் மாரண்டஹள்ளியில் வீடு கட்டி, தெருவோரச் சுவருக்குப் பளிச்சென்று வெள்ளையடித்தார். மறுநாளே யாரோ அதில் கரியால் கிறுக்கிவிட்டுப் போனார்கள். தமிழில் எழுதினால் ஒருவனும் பயப்பட மாட்டான் என்று, "டோன்ட் ஸ்கிரிபிள்" என ஆங்கிலத்தில் கறுப்புப் பெயிண்டால் பெரிதாக எழுதிவைத்தார். தெருவில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அடுத்த வாரம் ஒருவன் ஆணியால் கீறினான். "டோன்ட் ஸ்கிராட்ச்" ஏறியது. வெற்றிலை எச்சில் துப்பியவனுக்காக "ஸ்டெயின்", சாணி அப்பியவனுக்காக "ஸ்மியர்". பட்டாளத்து ஆங்கிலம் தீர்ந்ததும் பங்குச் சாமியாரிடம் போய், எல்லா அலங்கோலத்தையும் ஒன்றாகத் தடுக்க "டிஃபேஸ்" என்ற சொல்லைக் கேட்டு வந்தார். அது மிகவும் பிடித்துப்போனதால் மூன்று இடத்தில் எழுதினார்.

எழுபத்தொன்றாம் வருஷத் தேர்தலுக்குச் சின்னம் வரைய வாளியோடு வந்த கட்சிக்காரர்கள், சுவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்கு நடந்தார்கள். சவுரியப்பனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மனைவி ராயம்மாளை வெளியே கூப்பிட்டார்.

"பாத்தியா புள்ள, ஒருத்தன் கை வெக்கல."

ராயம்மாள் சுவரை நிதானமாகப் பார்த்தாள்.

"கை வெக்கறதுக்கு நீங்க எங்க எடம் வுட்டீங்க?"