என் கழுத்துக்கு எடுத்த அளவு

தினசரிக் காலண்டரில் ராகு காலம் தப்பாக அச்சாகிவிட்டால் யாரைத் திட்டுவீர்கள்? எங்கள் அச்சகத்தில் முப்பது வருடமாக அந்தத் திட்டுக்குச் சொந்தக்காரி நான்தான். ஒருமுறையும் திட்டு வாங்கியதில்லை என்பது வேறு விஷயம். சிவகாசியில் அப்பா தொடங்கிய அச்சகம் அது. அவருக்குப் பிறகு தம்பி முதலாளி. எனக்குக் கல்யாணம் அமையவில்லை. புரூஃப் மேசையும் ஒரு மர நாற்காலியும் அமைந்தன. முந்நூற்று அறுபத்தைந்து தாள்களையும், திதி, நட்சத்திரம், சூலம் என்று அடிஸ்கேலை வரிவரியாக நகர்த்தி, குனிந்தே படித்தேன். அந்த நாற்காலியில் இருக்கும்வரை, தம்பி வீட்டில் சும்மா சாப்பிடுகிறாள் என்று என்னை ஒருவரும் சொல்ல முடியாது.

போன சித்திரையில் கழுத்து பிடித்துக்கொண்டது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத் திரும்ப வேண்டும். வலது கை விரல்கள் மரத்துப்போய் சிவப்புப் பேனா நழுவியது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுக் கழுத்து எலும்புத் தேய்மானம் என்றார்கள். தம்பி பதறிப்போனான். வாரம் மூன்று நாள் அவனே காரோட்டி, விருதுநகரில் பிசியோதெரபி பார்க்கும் ஒரு பெண்ணிடம் கூட்டிப்போனான். தொழிலாளர்களை ஏற்றிய வேன்கள் எதிரே வர, திருத்தங்கல் தாண்டும்போது, "அக்கா, பள்ளம் வருது, பிடிச்சுக்கோங்க" என்பான். எனக்குக் கண் கலங்கிவிடும்.

முதல் நாள் அந்தப் பெண் என்னை நிமிர்ந்து உட்கார வைத்து, மேசையிலிருந்து என் தாடை எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளந்தாள். பிறகு திரைக்குப் பின்னால் படுக்கவைத்துக் கழுத்துக்கு ஒத்தடம் கொடுத்தாள். வெளியே போய்த் தம்பியிடம் ஏதோ பேசினாள். எனக்குக் கேட்கவில்லை. காரில் அவனே சொன்னான்.

"ஆடி முடியுற வரைக்கும் புரூஃப் மேசைப் பக்கமே போகக் கூடாதாம்க்கா. மீறிக் குனிஞ்சா கை வெளங்காமப் போயிருமாம். நீங்க நிம்மதியா வீட்ல இருங்க."

பயந்துபோனேன். தாடையை உள்ளே இழுத்துப் பத்து எண்ணுவது, உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தள்ளுவது, தோள்பட்டைகளைப் பின்னால் சேர்ப்பது எல்லாவற்றையும் சாமி கும்பிடுவதைவிட ஒழுங்காகச் செய்தேன். கோயிலில் பார்ப்பவர்களிடமெல்லாம் தம்பியைப் பற்றிப் பெருமையடித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வலி குறைந்தது, அதில் பொய்யில்லை. ஆடி பதினெட்டுக்கு இரண்டு நாள் முன்பு, கழுத்து இரண்டு பக்கமும் தாராளமாகத் திரும்பியது. அந்தப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம்.

"சாய்வுப் பலகை வசதியா இருக்காம்மா?"

"எந்தப் பலகை?"

"மொத நாளே ஒங்க தம்பிட்ட அளவு எழுதிக் கொடுத்தேனே? மேசை மேல பலகையச் சாச்சுப் போட்டுக்கிட்டா குனிய வேண்டாம், வேலைய நிறுத்த வேண்டியதில்லன்னு சொன்னேனே?"

திரும்பும்போது தம்பி, "என்னக்கா சொன்னாக?" என்று கேட்டான்.

"நல்லாயிருச்சுன்னாக" என்றேன். மறந்திருப்பான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அக்காவுக்கு என்னவோ ஏதோ என்று பதறியவன் ஒரு துண்டுச் சீட்டைத் தொலைத்திருக்க மாட்டானா?

ஆடிப்பெருக்கன்று எங்கள் ஊரில் புது வருடக் காலண்டர் மாதிரிகளைத் தொகுத்த ஆல்பங்களுக்குப் பூஜை போடுவார்கள். அச்சகத்துக்குள் நுழைந்ததும் என் மேசையைத்தான் பார்த்தேன். அதன்மேல் சாய்வுப் பலகை. தேக்கு மரத்தில், ஓரமெல்லாம் இழைத்து, அழகாகச் செய்திருந்தது. மூலையில் சிவப்பு மை காய்ந்திருந்தது. பல நாள் புழங்கிய பலகை. என் நாற்காலியில் தம்பியின் மருமகள். கம்ப்யூட்டர் வேலை என்று அவள் தினமும் அச்சகத்துக்குப் போனது தெரியும். என் வேலைக்கென்று தெரியாது.

"ஏலே, யாருக்குச் செஞ்சது இது?" என்று தம்பியைக் கேட்டேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒங்க அளவுதான்க்கா. மருமக இந்த வேலையப் பாக்கணும்னு ஆசப்பட்டா. ஒங்கள எந்திரிங்கன்னு எப்பிடி மொகத்துக்கு நேரா சொல்றது? சின்னப் புள்ள, அவளுக்கும் கழுத்து வலி வந்துரக் கூடாதுல்ல?"

முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்திருப்பேன். பிறகு எழுந்து கொடுத்திருப்பேன். கை விளங்காமல் போகும் என்று பயங்காட்டி, பள்ளம் வருது பிடிச்சுக்கோங்க என்று சொல்லிச் சொல்லியே ஏமாற்றினானே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கூடப் பிறந்தவன்.

சூடம் காட்டினார்கள். எல்லோரும் கும்பிட்டார்கள். நான் மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைவிட ஒரு சாண் குள்ளம். என் தாடைக்கு அளந்த பலகை அவளுக்கு உயரம். அண்ணாந்து அண்ணாந்தே படித்திருக்கிறாள். பூஜைக்கு நடுவிலும் பிடரியைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

பூஜை முடிந்ததும் பக்கத்தில் வந்து, "அத்தே, எனக்கும் ஒரு வாரமா இங்கன வலிக்கு. ஒங்களுக்கு என்ன செஞ்சு சரியாச்சு?" என்று கேட்டாள்.

பலகையை நாலு விரல் இறக்கினால் போதும். தாடையை உள்ளே இழுத்துப் பத்து எண்ணினால் போதும்.

"ஒங்க மாமாட்டக் கேளு" என்றேன். "டாக்டர் சொன்னதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும்."